அவமானம் நடந்த இடம்

பிரேம் கடைக்காரரை அந்தத் தெருவில் யாரும் பிரேம் கடைக்காரர் என்று சொல்வதில்லை. மன்னிப்பு அண்ணன் என்று கேட்டால்தான் கடையைக் காட்டுவார்கள். அவர் வாயைத் திறந்தால் முதலில் வருவது "மன்னிச்சுக்கோங்க" என்ற வார்த்தைதான். படத்துக்குக் கண்ணாடி போட வந்தவர் கதவில் இடித்துக்கொண்டால், வந்தவரிடம் ஒரு மன்னிப்பு. அவர் போன பிறகு கதவிடம் ஒரு மன்னிப்பு. ஒருமுறை கடைக்குள் திருடன் புகுந்து, எடுக்க ஒன்றும் இல்லாமல் விழித்தபோது, "மன்னிச்சுக்கோங்க, வர்றீங்கன்னு தெரிஞ்சிருந்தா ஏதாவது வெச்சிருப்பேன்" என்று இவர் சொன்னதாக எதிர்க்கடைப் பூட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மன்னிப்பு அண்ணன் மறுத்ததில்லை. மறுத்தால் பூட்டுக்காரர் மனசு என்ன பாடுபடும்?

இப்படிப்பட்டவரைத்தான், நாட்டின் பெரிய மனிதர் ஒருவரை வாய்க்கு வந்தபடி திட்டியவர் என்று மேடை போட்டு அறிவித்தார்கள்.

தொல்லை கட்டடத்திலிருந்து ஆரம்பித்தது. கடை இருந்த பழைய கட்டடத்தை வாளி வேந்தர் வாங்கிவிட்டார். பிளாஸ்டிக் வாளி செய்பவர். அவருடைய வாளி இல்லாத குளியலறை நாட்டில் கிடையாது. அந்த வாளிகளில் கைப்பிடி இருக்கும் வாளியும் கிடையாது. வாங்கிய வாரமே கழன்று கையோடு வந்துவிடும். கட்டடத்தை இடித்துவிட்டு வாளிக் காட்சியகம் கட்டப்போவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். மன்னிப்பு அண்ணன் மட்டும் கட்டாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டு வாடகை, மகளின் கல்லூரிப் படிப்பு, தன் மூட்டு வலி மாத்திரை எல்லாமே அந்த ஒற்றை அறையிலிருந்துதான் நடந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. வேறு எங்கே போய்க் கடை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

அந்த நிலையில்தான் ஒரு நாள் கோட்டுப் போட்ட ஒருவர் கடைக்குள் வந்தார். வந்ததும் சுவர்களைத் தொட்டுப் பார்த்தார். மேலே பார்த்தார். கண்களை மூடி மூச்சை இழுத்தார்.

"இங்கதானே?" என்றார்.

"மன்னிச்சுக்கோங்க சார், எது இங்க?"

"முதல்ல இந்த மன்னிப்பை நிறுத்துங்க. நீங்க அதைக் கேட்கவே கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் பெருவாழ்வுப் பேரவைல அவமானப் பிரிவு அலுவலர்."

பேரவை என்றால் என்ன என்று அவரே விளக்கினார். ஒருவர் தொழில் செய்து நிறையச் சம்பாதித்துவிடுகிறார். ஒரு கட்டத்தில் பணம் அலுத்துப்போகிறது. தன் பெயரில் ஒரு சாலை, ஒரு பள்ளிக்கூடம், குதிரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு சிலை என்று மனம் போகிறது. ஆனால் நினைத்தவரெல்லாம் சிலையாக முடியுமா? தொழிலதிபர் என்ற நிலையிலிருந்து பொதுமனிதர் என்ற நிலைக்கு உயர்த்த ஒரு முறை வேண்டாமா? அந்த முறைதான் பேரவை.

"ஒரு பெரிய மனுஷன் வாழ்க்கைன்னா அதுல நாலு விஷயம் இருக்கணும் சார். வறுமை, அம்மா, அவமானம், திருப்புமுனை. ஒண்ணு குறைஞ்சாலும் நாங்க முத்திரை குத்தமாட்டோம். வேந்தர் விஷயத்துல வறுமைப் பிரிவு வேலையை முடிச்சிட்டாங்க. ரொம்பச் சிரமப்பட்டுட்டாங்க, பாவம். கடைசில கண்டுபிடிச்சாங்க. அவங்க அப்பா அவருக்கு விட்டுட்டுப் போனது ஒரே ஒரு தொழிற்சாலை! ஒண்ணே ஒண்ணு! அதுக்கு மாடி கூடக் கிடையாது."

"பாவம்" என்றார் மன்னிப்பு அண்ணன். மனதாரத்தான் சொன்னார்.

"அம்மா பிரிவுல கொஞ்சம் தாமதம். அம்மா உயிரோட இருக்காங்க, அதான் சிக்கல். அழமாட்டேன்னு அடம் பிடிக்கிறாங்க. இப்ப என் பிரிவு. வேந்தர் எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். இளவயசுல, இந்தக் கட்டடத்துல, ஒரு பிரேம் கடைல தனக்குப் பெரிய அவமானம் நடந்ததாம். என்ன வார்த்தைன்னு ஞாபகம் இல்லையாம். வலி மட்டும் அப்படியே இருக்காம்."

மன்னிப்பு அண்ணனுக்கு ஞாபகம் இருந்தது.

அப்போது இருவருக்கும் இளவயது. வாளித் தொழிற்சாலை முதலாளியின் மகன் காரில் வந்து இறங்கி, ஒரு புகைப்படத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். அப்பா ரிப்பன் வெட்டுகிற படம். படத்தின் ஓரத்தில், பாதி முகமும் ஒரு காதுமாக மகன் நின்றிருந்தான். மன்னிப்பு அண்ணன் அப்பாவை நடுவில் வைத்து, சுற்றிலும் ஓரத்தை மூட அழகாக அட்டை வெட்டி பிரேம் போட்டார். அட்டை மறைத்த ஓரத்தில் மகன் போய்விட்டான். வாங்க வந்தவன் படத்தில் தன்னைத் தேடினான். காணவில்லை. அவன் முகம் சிவந்தது. உட்கார்ந்திருந்த ஸ்டூலை எட்டி உதைத்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"யோவ்! உன் மூஞ்சிக்குக் கைப்பிடி போட்டாக்கூட நீ ஒரு வாளிக்கு ஆகமாட்டே!"

மன்னிப்பு அண்ணன் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஸ்டூலை நிமிர்த்தி அதனிடமும் கேட்டார். ஆனால் அந்த வாக்கியம் மட்டும் எங்கோ உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணாடியில் முகம் பார்க்கும்போதெல்லாம் கை தன்னை அறியாமல் காதுப் பக்கம் போய், கைப்பிடி மாட்டும் இடத்தைத் தடவிப் பார்க்கும்.

"அவமானம் நடந்தது உண்மைதான் சார். ஆனா..." என்று ஆரம்பித்தார்.

"உண்மைன்னீங்களே, போதும்! 'ஆனா'வை எல்லாம் எங்க பிரிவுல சேர்க்கிறதில்ல." அலுவலர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கவனமாக் கேளுங்க. கட்டடத்தை இடிப்போம். இந்த ஒரு அறையை மட்டும் இடிக்கமாட்டோம். 'அவமானம் நடந்த இடம்'னு நினைவிடமாக்குவோம். நீங்க உள்ளேயே உட்கார்ந்து எப்பவும்போல பிரேம் போடலாம். யாரும் உங்களைக் காலி பண்ணச் சொல்லமுடியாது. நீங்க செய்யவேண்டியது ஒண்ணுதான். விழாவுல எல்லாருக்கும் முன்னாடி, அன்னைக்கு அவரைத் திட்டின திட்டை இன்னொரு தடவை திட்டணும்."

"முடியாதுன்னா?"

"அடுத்த தெருவுல ஒரு பிரேம் கடை இருக்கு. யாரை வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் திட்டத் தயார்னு அவர் ஏற்கனவே சொல்லியிருக்கார். கட்டடம் மாறிடும், பரவால்ல. வலி அதேதானே."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி கையிலிருந்த துணியை மடிக்காமல் நிறுத்தினாள். அவள் சலவைக்கடையில் பில் போடுகிறவள். காணாமல் போன சட்டைக்காகச் சண்டைக்கு வருகிறவர்களை ஒரே வாக்கியத்தில் சட்டையே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

"என்னங்க, நீங்களா? நீங்க ஒருத்தரைத் திட்டினீங்களா? இத்தனை வருஷத்துல என்னையே ஒரு வார்த்தை சொன்னதில்லையே!" அதில் பாதி ஆச்சரியம், பாதி மனத்தாங்கல்.

"நான் எங்கே திட்டினேன்? அவர்தான் என்னைத் திட்டினாரு."

"அப்போ அதை அப்படியே சொல்லிட்டு வாங்க."

"சொன்னா கடை போயிடும்."

அவள் மீண்டும் துணியை மடிக்க ஆரம்பித்தாள். இரண்டு சட்டை மடித்த பிறகு சொன்னாள்: "அப்போ திட்டினதாவே இருக்கட்டும்."

"எனக்குன்னு இருக்கிறது நல்லவன்கிற பேர் ஒண்ணுதான்."

"அந்தப் பேரை வெச்சுக்கிட்டு எவன் உங்களுக்குக் கடை வைக்க இடம் தருவான்? தெருவுல நின்னு பிரேம் போடுவீங்களா? போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் வழியை அடைச்சதுக்கு மன்னிப்புக் கேட்கவே பொழுது சரியாப் போயிடும்."

மறுநாள் மனைவியே அவரைப் பேரவைக்கு அழைத்துக்கொண்டு போனாள், பயிற்சிக்கு.

பேரவை அலுவலகம் பளபளவென்று இருந்தது. வறுமைப் பிரிவில் இரண்டு அதிகாரிகள் ஒரு சட்டையை மேசைமேல் விரித்து, கிழிசல் முழங்கையில் இருப்பதா தோளில் இருப்பதா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். தோளில் கிழிந்தால் சோம்பேறி என்று நினைப்பார்கள், முழங்கையில் கிழிந்தால் படிப்பாளி என்று நினைப்பார்கள் என்றார் மூத்தவர். அம்மா பிரிவில் ஒரு மூதாட்டி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே தட்டு நிறைய நறுக்கிய வெங்காயம்.

"நான் எதுக்குப்பா அழணும்?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "அவனுக்குப் பால் குடுத்தா கப்போட தூக்கி வீசுவான். அழுததெல்லாம் தரையைத் துடைக்கிற பொண்ணுதான். வேணும்னா அவளைக் கூப்பிடு."

அவமானப் பிரிவில் ஒரு கம்பியில் கோட்டு ஒன்றை மாட்டி நிறுத்தியிருந்தார்கள். அதை வேந்தர் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார் அலுவலர்.

மன்னிப்பு அண்ணன் தொண்டையைச் செருமினார். "மன்னிச்சுக்கோங்க... நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா நல்லா இருக்கும்."

"சார், இது திட்டு இல்ல, விண்ணப்பம்."

"போடா" என்று சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள். "போயிட்டு வாங்க" என்று வந்தது. கோபமாக முறைக்கச் சொன்னார்கள். கண்ணில் தூசி விழுந்துவிட்டதோ என்று உதவியாளர் ஓடிவந்து ஊதினார். மனைவி தன் சொந்தக் கையிருப்பிலிருந்து நாலைந்து எடுத்துவிட்டாள். அவை எதுவும் அவர் வாயில் நுழையவில்லை. பக்கத்து அறையில் வேலை செய்தவர்களுக்குத்தான் முகம் வெளிறியது.

கடைசியில் அலுவலர் சோர்ந்துபோய், "உங்க வாழ்நாள்ல உறைக்கிற மாதிரி ஒரு திட்டாவது காதால கேட்டதில்லையா? அதையாவது சொல்லிப் பாருங்க" என்றார்.

மன்னிப்பு அண்ணன் கண்ணை மூடினார். உள்ளே இத்தனை காலமும் உட்கார்ந்திருந்த வாக்கியம் எழுந்து நின்றது. அதே குரல், அதே ஏற்ற இறக்கம், கடைசியில் அதே எச்சில்.

"உன் மூஞ்சிக்குக் கைப்பிடி போட்டாக்கூட நீ ஒரு வாளிக்கு ஆகமாட்டே!"

கம்பியில் கோட்டு ஆடியது. அலுவலர் எழுந்து நின்றுவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து திருப்புமுனைப் பிரிவுத் தலைவர் செருப்பு இல்லாமல் ஓடிவந்தார்.

"யார் சொன்னது? யார் சொன்னது? கைப்பிடி! அந்த வார்த்தைக்குள்ள கைப்பிடி இருக்கு! இதைக் கேட்ட இளைஞன் மனசு எப்படித் துடிச்சிருக்கும்? அந்த நிமிஷமே சபதம் எடுத்திருப்பான்ல, கழலாத கைப்பிடி செஞ்சு காட்டறேன்னு!"

"கழலுதே சார்?" என்றாள் மனைவி.

"சபதம்தான் எங்க பிரிவும்மா. கைப்பிடி வேற பிரிவு."

"சார், இது யார் யாரைச் சொன்னதுன்னா..." என்று மன்னிப்பு அண்ணன் இழுத்தார்.

"நீங்கதான். அடக்கமெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டு அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விழாவுக்கு முன்பே கட்டடத்தை இடித்துவிட்டார்கள். நடுவில் கடை மட்டும் ஒற்றைப் பல்போல நின்றது. ஸ்டூலைச் சுற்றிக் கயிறு கட்டி, 'வேந்தருக்கு மறுக்கப்பட்ட இருக்கை' என்று பலகை வைத்தார்கள். சுவரில் வேந்தரின் இளமைக்கால ஓவியம் வந்தது. வறுமைப் பிரிவு ஓவியர் வரைந்தது. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, கழுத்து எலும்பு தெரிய இருந்தார். அதற்கும் பிரேம் போட்டது மன்னிப்பு அண்ணன்தான். வாசலில் ஒரு பெரிய கல் நட்டு, திட்டை அதில் செதுக்கினார்கள். கீழே 'இவ்வாறு கூறி அவமதித்தார் இக்கடைக்காரர்' என்று இருந்தது. காலையில் கடை திறக்கும்போது மன்னிப்பு அண்ணன் அந்தக் கல்லின்முன் நின்று, யாரும் பார்க்காதபோது, "மன்னிச்சுக்கோங்க" என்பார். பொய்யைச் சுமந்துகொண்டு நிற்கிறதே என்ற இரக்கம்.

யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்தார். பூட்டுக்காரர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தி பரவியதும் தெருவில் பெரிய பெரிய கார்கள் வர ஆரம்பித்தன. டயர்க்காரர் ஒருவர், பிஸ்கட்காரர் ஒருவர், தண்ணீர்த்தொட்டிக்காரர் ஒருவர். எல்லாருக்கும் ஒரே வேண்டுதல்.

"அண்ணே, எங்க பரம்பரைல இதுவரைக்கும் யாரும் எங்களை ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்று டயர்க்காரர் குரல் கம்மச் சொன்னார். "இப்படியே போனா நான் எப்பண்ணே பெரிய ஆளா ஆகறது? ஒரே ஒரு வார்த்தை. சின்னதாப் போதும்."

"மன்னிச்சுக்கோங்க, எனக்கு வராது."

"இது பத்தாதுண்ணே. கொஞ்சம் காரமா."

சலவைக்கடையிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த மனைவி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வர முடியாமல், "வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறியே, உன்னைப் பெத்து விட்டாங்களா, பம்ப்பு வெச்சுக் காத்தடிச்சு விட்டாங்களா?" என்றாள்.

டயர்க்காரர் அப்படியே நெகிழ்ந்துபோனார். "தொழிலோட சேர்த்தே சொல்லிட்டீங்களேம்மா! தேதி போட்டு ஒரு கையெழுத்து மட்டும்..." என்று பேனாவை நீட்டினார். பூட்டுக்காரர் தன் கடையை மூடிவிட்டு வந்து வரிசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார்.

விழா நாள் வந்தது. அரங்கம் கொள்ளாத கூட்டம். பாதிப்பேர் வாளித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். பஸ் வைத்துக் கூட்டிவந்திருந்தார்கள். மஞ்சள் அட்டை தூக்கினால் கைதட்ட வேண்டும், நீல அட்டை தூக்கினால் கண்ணைத் துடைக்க வேண்டும், எந்த அட்டைக்கும் சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

பேரவைத் தலைவர் பேசினார்.

"பெரியோர்களே! பிறக்கும்போதே பெரியவராகப் பிறப்பவர் உண்டு. உழைத்துப் பெரியவராவோர் உண்டு. ஆனால் உரிய கட்டணம் செலுத்தி, உரிய விதிகளின்படி, ஒவ்வொரு பிரிவாக ஏறி இறங்கிப் பெரியவராகும் பெருந்தன்மை எத்தனை பேருக்கு வரும்? வேந்தரின் வறுமையை நாங்கள் மூன்று முறை திருப்பி அனுப்பினோம். போதாது என்றோம். அவர் சலிக்கவில்லை. பணத்துக்குக் கவலைப்படாதீர்கள், வறுமையை இன்னும் நன்றாகச் செய்யுங்கள் என்றார்! இப்படி ஓர் ஏழையை நாடு கண்டதுண்டா?"

மஞ்சள் அட்டை உயர்ந்தது. கை தட்டினார்கள்.

மேடையில் கடையைப் போலவே ஒரு கடை கட்டியிருந்தார்கள். வேந்தர் முழங்கை கிழிந்த சட்டையில் வந்து நின்றார். கிழிசலின் ஓரத்தைத் தங்கநிற நூலால் அடித்திருந்தார்கள், மேலும் கிழியாமல் இருக்க. மன்னிப்பு அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி ஸ்டூலை அவரிடமிருந்து பிடுங்கினார். பிடுங்கும்போது மெதுவாக "மன்னிச்சுக்கோங்க" என்றார். ஒலிபெருக்கி அதை அரங்கம் முழுக்கச் சொன்னது. முன்வரிசையில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்தது திட்டு. மன்னிப்பு அண்ணனின் வாய் ஒட்டிக்கொண்டது. கடை கண்முன் வந்தது. ஒற்றைப் பல்லாக நிற்கும் கடை. அதுவும் விழுந்துவிடும் என்று நினைத்துப் பார்த்தார். அப்படியும் வார்த்தை வரவில்லை.

வேந்தருக்குப் பொறுமை போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம் சொல்லித் தொலைய்யா" என்று சீறினார்.

அதே குரல். மன்னிப்பு அண்ணனுக்கு எல்லாம் மறந்துபோயிற்று, அந்த வாக்கியத்தைத் தவிர.

"யோவ்! உன் மூஞ்சிக்குக் கைப்பிடி போட்டாக்கூட..."

மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது.

"...நீ ஒரு வாளிக்கு ஆகமாட்டே!" என்று அரங்கமே சொல்லி முடித்தது.

யாரும் எந்த அட்டையும் தூக்கவில்லை. பட்டறைக்காரர்கள் சொன்னார்கள், லாரி ஓட்டுநர்கள் சொன்னார்கள், மேடையோரம் நின்ற வேந்தரின் சொந்தக் கார் ஓட்டுநர் எல்லாரையும்விட உரக்கச் சொன்னார். வருடக்கணக்காகத் தினமும் காலையில் வாங்கிக்கொண்ட வாக்கியம். ஒரே நாளில், ஒரே மூச்சில், கொடுத்தவர் முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொடுக்கக் கிடைத்திருக்கிறது. பிறகு சிரிப்பு வெடித்தது. வேந்தரின் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அவங்க அப்பா இவனைத் திட்டுறதுடா இது!" என்று சிரிக்கச் சிரிக்க, அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அம்மா பிரிவு அலுவலர் பாய்ந்துபோய் அதைப் படம் பிடித்தார். அந்தப் பிரிவின் வேலையும் அத்தோடு முடிந்தது.

வேந்தர் சிலைபோல நின்றார். உண்மையான சிலைக்குக்கூட முகத்தில் கொஞ்சம் களை இருக்கும்.

பேரவைத் தலைவர் மட்டும் அசரவில்லை. ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "கேட்டீர்களா! தம் தலைவருக்கு நேர்ந்த அவமானத்தை இத்தனை தொழிலாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்!"

"தினமும் கேட்கிறோம்ல!" என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

"தினமும் கேட்கிறார்களாம்! தான் பட்ட அவமானத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், தினமும் தொழிலாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முதலாளி! இத்தனை சாட்சிகள் உள்ள அவமானத்தைப் பேரவை வரலாற்றில் நாங்கள் கண்டதில்லை. முத்திரை குத்துகிறோம்!"

குத்திவிட்டார்கள். முத்திரை விழுந்த பிறகு கடையை யாரும் தொட முடியாது. மன்னிப்பு அண்ணன் வீட்டுக்கு வந்து வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மனைவி அருகில் வந்து, "நல்லாத்தான் திட்டினீங்க" என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

கஷ்டப்பட்டவர் வேந்தர்தான். அந்த வாக்கியம் இப்போது வரலாறு. தொழிற்சாலை வாசலிலும் அதைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். பட்டறையில் யாராவது தப்பு செய்தால் அவர் வழக்கம்போல "உன் மூஞ்சிக்கு..." என்று ஆரம்பிப்பார். உடனே எல்லாரும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, எழுந்து நின்று, தலை குனிந்து மௌனம் காப்பார்கள். திட்டவும் முடியவில்லை, வேலையும் நடக்கவில்லை. வேறு திட்டு யோசித்துப் பார்த்தார். அவரிடம் இருந்ததே அது ஒன்றுதான். அதுவும் அப்பா விட்டுவிட்டுப் போனது. அந்த ஒரே ஒரு தொழிற்சாலையைப் போல.

ஒரு மத்தியானம் நல்ல மழை. நினைவிடத்துக்குப் பேரவை நியமித்திருந்த காவலர் டீ குடிக்கப் போயிருந்தார். கடைக்குள் நனைந்த சட்டையோடு ஒருவர் வந்தார். காரும் இல்லை, ஆட்களும் இல்லை. கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மன்னிப்பு அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். வேந்தர்.

"உண்மையைச் சொல்லுங்க" என்றார் வேந்தர். "அன்னைக்குத் திட்டினது நான்தானே?"

மன்னிப்பு அண்ணன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். "ஆமா சார்."

"அப்போ எனக்கு ஏன் வலிக்குது?"

"படத்துல உங்களை மறைச்சுட்டேன்ல. அதா இருக்கும்."

"வெட்டி எறிஞ்சிட்டீங்களா?"

"ஐயோ, இல்ல சார்! படத்தை வெட்டவே இல்ல. அட்டைக்கு அடியிலதான் இருக்கு. பிரிச்சுப் பார்த்தீங்கன்னா காதோட முழுசா உள்ளதான் இருப்பீங்க."

வேந்தர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவமானப்பட்டவன்தான் பெரிய ஆளா ஆவான்னு பேரவை சொல்லுது. அப்படிப் பார்த்தா நீங்கதானே ஆகியிருக்கணும். ஏன் ஆகல?"

மன்னிப்பு அண்ணன் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க சார். அன்னைக்கு இன்னும் ரெண்டு படம் முடிக்க வேண்டியிருந்துச்சு."

அந்த நேரத்தில்தான் காவலர் திரும்பி வந்தார்.

"யோவ்! எழுந்திரு, எழுந்திரு! யார் உன்னை உள்ள விட்டது? வேந்தருக்கே உட்காரக் கிடைக்காத ஸ்டூல்யா அது!"

"நான் யார் தெரியுமா?" என்றார் வேந்தர்.

காவலர் சுவரிலிருந்த ஓவியத்தைப் பார்த்தார். ஒட்டிய கன்னம், குழிந்த கண், துருத்திய எலும்பு. பிறகு இவரைப் பார்த்தார். உருண்டைக் கன்னம், இரண்டு தாடை.

"இவர்தான் நீன்னு சொல்லப்போறியா? நேத்துகூட ஒருத்தன் சொன்னான்."

"தம்பி, மன்னிச்சுக்கோ, அவர் வந்து..." என்று மன்னிப்பு அண்ணன் இடையில் புகுந்தார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. உங்க நல்ல மனசாலதான் ஆளாளுக்கு ஏறி உட்காருறான்." காவலர் வேந்தரின் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். வார்த்தைக்காக அவர் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. நாள் முழுக்க அவர் பார்த்துக்கொண்டு நிற்கும் கல்லிலேயே எழுதியிருந்தது.

"உன் மூஞ்சிக்குக் கைப்பிடி போட்டாக்கூட நீ ஒரு வாளிக்கு ஆகமாட்டே! போய்யா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. பூட்டுக்காரர் கடையை விட்டு வெளியே வந்தார். மன்னிப்பு அண்ணன் தன் குடையை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினார். வேந்தர் குடையை வாங்கிக்கொண்டார். ஒரு கையால் தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்து போனார்.

மறுநாள் காலையில் மன்னிப்பு அண்ணன் கடை திறக்க வந்தார். கல்லுக்கு முன்னால் வழக்கம்போல நின்றார். ஒரு முறை முழுதாகப் படித்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பூட்டைத் திறக்கப் போனார்.

எதிர்க்கடையிலிருந்து பூட்டுக்காரர் கூப்பிட்டார். "என்ன அண்ணே, இன்னைக்குக் கல்லுகிட்ட மன்னிப்புக் கேட்கலையா?"

"தேவையில்லப்பா" என்றார் மன்னிப்பு அண்ணன். "இப்போ அது கிட்டத்தட்டச் சரியாத்தான் இருக்கு."